லாரி ஊரில் லாரி வராத பாதை: காவிரிக் கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓட்டலாமா?

‘கிராவல்’ என்றால் சேலம், நாமக்கல் பக்கம் முதலில் ஞாபகத்துக்கு வருவது டிப்பர் லாரிதான். காலி மனையை மேடாக்க, தோட்டத்துக்குப் பாதை போட, ‘ரெண்டு லோடு கிராவல் அடிங்க’ என்பார்கள். அதே சொல்லை உலகம் முழுக்க சைக்கிள் ஓட்டுபவர்கள் இப்போது வேறு அர்த்தத்தில் சொல்கிறார்கள். தார் போடாத, வண்டிகள் வராத மண் பாதைகளைத் தேடிப் போய் ஓட்டுவதற்குப் பெயர் ‘கிராவல் சைக்கிளிங்’.

ரீல்ஸில் இத்தாலியையும் அமெரிக்காவையும் பார்த்துவிட்டு, ‘நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க இருக்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. மேட்டூரிலிருந்து மோகனூர் வரை, காவிரியை ஒட்டிய பல ஊர்களில் அப்படிப்பட்ட பாதைகள் பல தலைமுறைகளாகவே இருக்கின்றன. எதையும் சைக்கிளுக்காகப் போடவில்லை. எல்லாம் பாசனத்துக்காக வெட்டிய கால்வாய்களின் கரைகள்.

அவை எங்கே இருக்கின்றன? அங்கே ஏன் வண்டிகள் குறைவு? எந்தச் சைக்கிள் வேண்டும்? முக்கியமாக, அந்தப் பாதை யாருடையது? விரிவாகப் பார்க்கலாம்.

மெயின் ரோட்டில் என்ன பிரச்னை?

சேலம்–நாமக்கல் சமவெளியில் ரோடு என்றாலே லாரிதான். லாரிக்கு பாடி கட்டுவதில் நாடு முழுக்கப் பெயர் எடுத்த ஊர் நாமக்கல். சங்ககிரி, லாரி உரிமையாளர்களின் ஊர். திருச்செங்கோடு, போர்வெல் வண்டிகளின் ஊர். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44, சேலம், நாமக்கல், பரமத்திவேலூர் வழியாகத்தான் கரூருக்கு இறங்குகிறது. கோவை, கொச்சி பக்கம் போகும் 544-ம் சேலத்திலிருந்தே பிரிகிறது.

இந்தத் தொழில்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அதே ரோட்டில்தான் பிளஸ் ஒன் மாணவர்கள் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். தறிப்பட்டறைக்கும் கரும்புக் காட்டுக்கும் சைக்கிளில் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பத்து சக்கர லாரி பக்கத்தில் உரசிக்கொண்டு போகும்போது, காற்றின் வேகமே ஹேண்டில்பாரை ஆட்டிவிடும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாடு முழுக்க சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான்.

அதனால், வண்டிகள் வராத ஒரு பாதை என்பது வார இறுதியில் ஜாலியாக ரைடு போகிறவர்களுக்கான விஷயம் மட்டும் கிடையாது. தினமும் சைக்கிளில் போய்த் தீர வேண்டியவர்களுக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கால்வாய்க் கரையில் ஏன் லாரி வருவதில்லை?

கால்வாய் வெட்டும்போது தோண்டிய மண்ணை இரண்டு பக்கமும் கொட்டிக் கரை அமைப்பார்கள். ஒரு பக்கக் கரையைக் கொஞ்சம் அகலமாக விட்டு, அதில் ஒரு பாதை வைப்பார்கள். எங்காவது உடைப்பு ஏற்பட்டிருக்கிறதா, மதகு சரியாக இருக்கிறதா என்று பாசன ஊழியர்கள் போய்ப் பார்ப்பதற்கான பாதை அது. ஜீப் போனால் போதும் என்ற அளவில்தான் அது இருக்கும்.

ரோடு ஓர் ஊரையும் இன்னொரு ஊரையும் இணைக்கும். கால்வாய் அப்படிப் போகாது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால், நிலத்தின் மட்டம் எப்படிப் போகிறதோ அப்படி வளைந்து வளைந்து போகும். நேராகப் போனால் சீக்கிரம் சேர்ந்துவிடக்கூடிய ஊருக்கு, கரை வழியாகப் போனால் பல மடங்கு சுற்று. அவசரமாகப் போகிற எந்த டிரைவருக்கும் அந்த வழி பிடிக்காது.

சைக்கிள்காரருக்கு இதுவே லாபம். கால்வாய் கிலோமீட்டருக்குக் கொஞ்சமே சரிகிறது என்பதால் கரையில் ஏற்றமே தெரியாது. ஏற்காடு ரோட்டில் மூச்சு வாங்கியவர்கள்கூட இங்கே பேசிக்கொண்டே ஓட்டலாம். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வயல். வாழை, தென்னை இருக்கும் இடங்களில் நிழல் இலவசம். நடுநடுவே மதகு, சின்னப் பாலம், படித்துறை என்று நின்று இளைப்பாற இடமும் கிடைக்கும்.

எங்கே ஓட்டலாம்?

*1. மேட்டூர் கிழக்குக்கரை, மேற்குக்கரை கால்வாய்கள்*

மேட்டூர் அணை 1934 ஆகஸ்ட் 21-ல் திறக்கப்பட்டது. அப்போதைய மதராஸ் கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரால் ‘ஸ்டான்லி நீர்த்தேக்கம்’ என்று பெயர். 120 அடி என்றதும் எல்லோருக்கும் டெல்டா ஞாபகம்தான் வரும். ஆனால் அணையிலிருந்து சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களுக்கென்று தனியாக இரண்டு கால்வாய்கள் கிளம்புகின்றன. இரண்டும் சேர்ந்து சுமார் 45,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன.

கிழக்குக்கரை கால்வாய் சேலம் மாவட்டத்தின் தேவூர் பக்கம் வந்து, அப்படியே நாமக்கல் மாவட்டத்தின் குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளுக்கு இறங்குகிறது. மேற்குக்கரை கால்வாய் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஈரோடு மாவட்டத்தின் அம்மாபேட்டை, பவானி பகுதிகளில் ஓடுகிறது. மேற்கே மேட்டூர்–பவானி மெயின் ரோட்டில் கனரக வண்டிகள் அதிகம். கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டால் அந்த இரைச்சல் அடங்கிவிடும்.

*2. பூலாம்பட்டி படகுத்துறை*

எடப்பாடி பக்கத்தில் இருக்கும் பூலாம்பட்டியை ‘குட்டி கேரளா’ என்று சொல்வார்கள். அங்கே காவிரியின் குறுக்கே மின் உற்பத்திக்காகக் கதவணை கட்டியிருக்கிறார்கள். அதில் தேங்கி நிற்கும் தண்ணீர் ஏரி மாதிரி இருக்கும். எதிர்க்கரையில் பாலமலை தெரியும். பூலாம்பட்டியிலிருந்து ஈரோடு மாவட்டத்தின் நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறது. வேலைக்கும் படிப்புக்கும் அக்கரைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் பஸ் மாதிரி.

சைக்கிளோடு ஏறிக்கொள்ள முடிந்தால், ஒரே ரைடில் கிழக்குக்கரை, மேற்குக்கரை இரண்டையும் பார்த்துவிடலாம். ஒரு விஷயம் மட்டும் முக்கியம். மேட்டூரிலிருந்து உபரி நீர் அதிகமாகத் திறந்துவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

*3. ஜேடர்பாளையம் – பரமத்திவேலூர் – மோகனூர்*

மேட்டூர் கால்வாய்களைவிட இது மிகவும் பழைய ஏற்பாடு. ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே உள்ள படுகை அணையிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. அதைத் தொடர்ந்து குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் என்று வாய்க்கால்கள் போகின்றன. இந்தப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர்தான் ராஜவாய்க்காலை வெட்டியவர் என்று மக்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஜேடர்பாளையத்தில் அவருக்கு அரசு சிலையும் வைத்திருக்கிறது.

இங்கே பாதை நெடுகிலும் ஒரு விவசாயப் பாடமே நடக்கும். வெற்றிலைக் கொடிக்கால், வாழைத்தோட்டம், கரும்பு, கோரை. கரும்பு வெட்டும் சமயத்தில் வந்தால், ஆலைக் கொட்டகையில் பாகு காய்ச்சும் வாசனை தூரத்திலேயே வரும். பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்குப் போகும் வெல்லம் இந்தப் பக்கக் கொட்டகைகளில்தான் தயாராகிறது. மோகனூருக்கும் நாமக்கல்லுக்கும் ரயில் நிலையம் இருப்பதால், சேலத்திலிருந்தோ கரூரிலிருந்தோ ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கும் வழி இருக்கிறது.

எல்லா இடத்திலும் மண் பாதைதான் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில இடங்களில் தார், சில இடங்களில் கான்கிரீட், சில இடங்களில் சக்கரத் தடம் மட்டும், சில இடங்களில் முள்தான் இருக்கும். கரை முடிந்துவிட்டால் ஊர் ரோட்டில் ஏறி, அடுத்த பாலத்தில் மறுபடி கரைக்கு வர வேண்டியிருக்கும்.

கிராவல் பைக் வாங்கியே ஆகணுமா?

கிராவல் பைக் என்பது ரேஸ் சைக்கிளுக்கும் மவுன்டன் பைக்குக்கும் நடுவில் இருக்கும் வகை. ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிள் மாதிரி கீழே வளைந்திருக்கும். டயர் அகலம், பெரும்பாலும் 38 முதல் 50 மில்லிமீட்டர் வரை. ரேஸ் சைக்கிளில் இது 25 முதல் 32-க்குள் இருக்கும். டிஸ்க் பிரேக், ஏற்றத்துக்கு ஏற்ற லேசான கியர், கல்லில் தடுமாறாமல் போக நீளமான சட்டகம். விலை பெரும்பாலும் அரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

தாத்தா காலத்துக் கருப்பு சைக்கிளில் என்ன டயர் இருந்தது தெரியுமா? 28 இன்ச், ஒன்றரை இன்ச் அகலம். இன்றைய அளவில் சொன்னால் 40 மில்லிமீட்டர். அதாவது இப்போது கிராவல் பைக்கில் பலரும் விரும்பிப் போடும் அதே அகலம்! ரோடே இல்லாத காலத்தில் பால் கேன், வாழைத்தார், பின்னால் ஒரு ஆள் என்று இந்தக் கரைகளில் ஓடிய வண்டி அது. ‘கிராவல்’ என்று பெயர் வைக்காமலே நம் ஊர் இதை ஓட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே வீட்டில் இருக்கும் ஹைப்ரிட், மவுன்டன் பைக், கியர் இல்லாத சாதாரண சைக்கிள் எதுவும் ஓகேதான். மெல்லிய டயர் உள்ள ரேஸ் சைக்கிள் மட்டும் வேண்டாம்.

காற்று விஷயத்தில் பலரும் தப்பு செய்கிறார்கள். டயரைக் கல் மாதிரி இறுக்கி அடித்தால் மண் பாதையில் குதிக்கும், வழுக்கும். 40 மில்லிமீட்டர் டயரில், 70 கிலோ எடையுள்ளவருக்கு 35 முதல் 45 பி.எஸ்.ஐ. வரை சரியாக இருக்கும். அடுத்த எதிரி சீமைக் கருவேல முள். பொடி முள்கூட டியூப் வரை இறங்கிவிடும். டியூப் இல்லாத டயரும், ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவமும் இருந்தால் பாதிக் கவலை போச்சு. இல்லாதவர்கள் ஒரு டியூப்பும் பம்பும் எடுத்துப் போனால் போதும்.

எந்த மாதம் போவது நல்லது?

மேட்டூர் கால்வாய்களில், அணையில் போதிய நீர் இருந்தால், வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாட்கள் தண்ணீர் விடுவார்கள். கால்வாய் நிரம்பி ஓட, இரண்டு பக்கமும் பச்சையாக இருப்பது இந்த மாதங்களில்தான். ஆனால் அக்டோபர், நவம்பரில் மழை பெய்தால் கரை சேறாகிவிடும். களிமண் பாங்கான இடங்களில் சக்கரமே சுற்றாது. ஈரக் கரையில் வண்டி ஓட்டினால் தடம் பதிந்து, காய்ந்த பிறகு பள்ளமாகவே நின்றுவிடும். மழை நின்று இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு போவதுதான் சைக்கிளுக்கும் நல்லது, கரைக்கும் நல்லது.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சரியான சீசன். காலையில் லேசான பனி இருக்கும், தரை கெட்டியாக இருக்கும். மார்ச்சுக்குப் பிறகு காலை 9 மணிக்கு மேல் வெயில் தாங்காது. 6 மணிக்குத் தொடங்கி, இட்லி நேரத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

கால்வாய்க் கரையைக் காப்பாற்றிய கதை ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. வாஷிங்டனிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லாந்து வரை சுமார் 297 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பழைய படகுக் கால்வாய் உண்டு. 1924-ல் அதில் படகுப் போக்குவரத்து நின்றுபோனது. 1950-களில் அந்த வழியில் கார்களுக்கான சாலை போடலாம் என்று யோசனை வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் இதை எதிர்த்தார். 1954-ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, ‘என்னோடு நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்’ என்ற பொருளில் ஆசிரியர்களை அழைத்தார். அந்த நடைப்பயணம் திருப்புமுனையானது. 1971-ல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோவேறு கழுதைகள் படகை இழுத்துப் போன அந்த மண் பாதையில் இன்று சைக்கிள்கள் போகின்றன.

இத்தாலியின் டஸ்கனியில் வெள்ளை மண் ரோடுகளுக்குத் தார் போட்டுக்கொண்டே வந்தார்கள். அவற்றைக் காப்பாற்றும் நோக்கத்தோடு 1997-ல் ‘எரோயிகா’ என்ற பழைய சைக்கிள்களின் ஓட்டம் தொடங்கியது. இன்று அந்தப் பாதைகளே அந்தப் பகுதியின் அடையாளம். அமெரிக்காவின் கன்சாஸில் 2006-ல் தொடங்கிய 200 மைல் கிராவல் போட்டியும் உலகப் புகழ் பெற்றது. 2022-ல் சர்வதேச சைக்கிள் சங்கமே கிராவலுக்கு உலக சாம்பியன்ஷிப் நடத்த ஆரம்பித்துவிட்டது.

இந்தக் கதைகளில் நமக்கு அப்படியே பொருந்தாத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்கக் கால்வாய் வேலை ஓய்ந்த கால்வாய். நம்முடையது இன்றும் 45,000 ஏக்கருக்கு வேலை செய்கிற கால்வாய்.

அப்படியானால் இந்தப் பாதை யாருடையது?

கால்வாயும் கரையும் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பவை. பராமரிப்புக்காகப் போட்ட பாதை என்பதால், அது ஊர் ரோடு போலப் பொதுப் போக்குவரத்துக்கென்று அமைக்கப்பட்டதில்லை. நடைமுறையில் வயலுக்குப் போகிறவர்கள், ஆடு மாடு ஓட்டிப் போகிறவர்கள், பள்ளிக் குழந்தைகள் எல்லோரும் அதில்தான் போகிறார்கள். அணை, கதவணை, மின் நிலையப் பகுதிகளில் மட்டும் கட்டுப்பாடு உண்டு. ‘அனுமதி இல்லை’ என்று போர்டு இருந்தால், கேட் மூடியிருந்தால், திரும்பிவிட வேண்டியதுதான்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கரையில் தார் போடச் சொல்லிக் கேட்பவர்கள் அந்த ஊர் விவசாயிகளே. கரும்பையும் வாழைத்தாரையும் வெளியே கொண்டுபோக, மழைக்காலத்தில் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக, நல்ல பாதை வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. வார இறுதியில் ஒரு நாள் வந்து போகிற சைக்கிள்காரர், ‘மண்ணாகவே இருக்கட்டும், அழகா இருக்கு’ என்று சொல்ல முடியாது.

அதே நேரம், தார் போட்டுத் திறந்துவிட்டால் கரை சுலபமாகக் குறுக்கு வழியாகிவிடும். மெயின் ரோட்டு நெரிசலைத் தவிர்க்கக் கார் வரும், அப்புறம் டிப்பரும் வரும். கனமான வண்டி ஏறினால் மண் கரை அமுங்கும். கரை உடைந்தால் முதலில் நஷ்டம் அதே விவசாயிக்குத்தான். சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இருந்த ஒரே அமைதியான வழியும் போய்விடும்.

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. கரை ஏறும் இடத்தில் ஜீப், டிராக்டர் மட்டும் நுழையும் அகலத்துக்குக் கல் தூண் நடலாம். தார் இல்லாமலே கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டிக் கெட்டியாக்கலாம். முள்ளை வருடத்துக்கு ஒருமுறை வெட்டலாம். தண்ணீர் ஆழமாக இருக்கும் வளைவுகளில் தடுப்பு வைக்கலாம். வெளிநாட்டு மாதிரி கோடி கோடியாகக் கொட்டித் தனி சைக்கிள் டிராக் போட வேண்டிய அவசியமே இல்லை. பாதி வேலையைக் கால்வாய் வெட்டியவர்கள் ஏற்கனவே முடித்துவிட்டார்கள்.

கிளம்பும் முன் கவனிக்க

• தண்ணீர் ஓடும் கால்வாயில் இறங்க வேண்டாம். கான்கிரீட் போட்ட சரிவில் பாசி இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களாலேயே பிடித்து ஏற முடியாது. செல்ஃபிக்காக மதகு மேல் ஏறுவதும் வேண்டாம்.

• தண்ணீர்ப் பக்கம் ஒட்டி ஓட்டாமல், வயல் பக்கத் தடத்தில் ஓட்டுங்கள். இரண்டு பேர் சேர்ந்து போனாலும் ஒருவர் பின் ஒருவராகப் போவது நல்லது.

• இருட்டிய பிறகு கரையில் ஓட்ட வேண்டாம். பாம்பு, பள்ளம், உடைந்த ஓரம் எதுவும் தெரியாது.

• ‘லாரி வராது’ என்றால் எதுவுமே வராது என்று அர்த்தமில்லை. பைக், கரும்பு டிராக்டர், ஆட்டு மந்தை எல்லாம் வரும். வளைவில் பெல் அடியுங்கள். மாடு நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

• பாதையில் நெல், சோளம் காயப் போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு.

• படித்துறையில் குளிப்பவர்கள், துணி துவைப்பவர்கள் இருக்கும் இடத்தில் கேமராவை உள்ளே வையுங்கள்.

• ஹெல்மெட், இரண்டு பாட்டில் தண்ணீர், டியூப், பம்ப் கட்டாயம். மேப்பை நம்பி மட்டும் போகாதீர்கள். டீக்கடையில் ‘இந்தக் கரை எதுவரைக்கும் போகுதுங்க?’ என்று கேட்டால், மேப்பில் இல்லாத பாலமும் தெரியவரும்.

• தின்ற பாக்கெட் கவர் கால்வாயில் விழுந்தால், கடைசியில் ஏதோ ஒரு மதகை அடைக்கும். கையோடு எடுத்து வாருங்கள்.

சேலத்திலோ நாமக்கல்லிலோ இருப்பவர்களுக்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க இது ஒரு நல்ல இடம். போகும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். காலை 8 மணி வாக்கில் பை மாட்டிக்கொண்டு, நீலமோ பச்சையோ பெயின்ட் அடித்த அரசு சைக்கிளில் ஒரு மாணவியோ, தூக்குவாளியோடு ஒரு பெரியவரோ எதிரில் வரக்கூடும். ஓரமாக ஒதுங்கி வழி விடுங்கள். இந்தப் பாதையின் ரெகுலர் ரைடர்கள் அவர்கள்தான்.